சுருதி மாறும் செபமாலை

ஒரே மன்றாட்டை ஐம்பத்துமூன்று முறை சொல்வதில் என்ன பயன் என்று செபமாலையைப் பற்றி நம்மைப் பிறர் கேட்பதுண்டு. நம் இல்லத்து இளையோரே கேட்பதும் உண்டு. ஆன்மிக நூல்கள் இக்கேள்விக்குத் தக்க விடைகளைத் தந்துள்ளன. நாம் இங்கு ஆராய எடுத்துக்கொள்வது, வயலின் கலைஞர் ஒருவர் தம் கருவியின் நான்கு தந்திகளைக் கொண்டு தந்த விடையாகும். வயலினுக்குச் சுருதி சேர்ப்பது எப்படி என்னும் மிக எளிய தொழிற்செய்தியிலிருந்தே அவ்விடை பிறக்கிறது என்பது நம் கருத்து.

ஹைன்ரிக் இக்னாஸ் ஃபிரான்ஸ் பீபர் 1644 இல் பொகீமிய நாட்டில் பிறந்தவர். 1670 ஐ ஒட்டிச் சால்ஸ்பர்க் பேராயரின் அரண்மனை இசைக்குழுவில் சேர்ந்து, 1684 இல் அதன் தலைவராகி, 1704 இல் அந்நகரிலேயே மறைந்தார். தம் காலத்து வயலின் கலைஞருள் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். 1676 ஐ ஒட்டி அவர் தொகுத்துப் பேராயர் மாக்சிமிலியான் கண்டோல்ஃபுக்குக் காணிக்கையாக்கிய கையெழுத்துச் சுவடியொன்று இன்று மியூனிக் நகரின் பவேரிய அரசு நூலகத்தில் உள்ளது. முகப்புத் தாள் தொலைந்துவிட்டமையால் ஆசிரியர் இட்ட பெயர் மறைந்துபோயிற்று. ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு சொனாட்டாவின் தொடக்கத்திலும் செபமாலையின் மறையுண்மை ஒன்றைக் காட்டும் சிறு செப்புத்தகட்டுச் சித்திரம் இருக்கிறது. அதனால் அறிஞர் இதனைச் 'செபமாலை சொனாட்டாக்கள்' என வழங்குகின்றனர். மகிழ்ச்சி, துயர், மகிமை ஆகிய மறையுண்மைகளுக்குப் பதினைந்து சொனாட்டாக்கள். இறுதியில் துணைக்கருவி ஏதுமின்றித் தனி வயலினுக்கென ஒரு 'பசகாலியா'. ஒளியின் மறையுண்மைகளைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சேர்த்துத் தந்தது 2002 இல்தான் என்பதை இளைய வாசகர் நினைவிற்கொள்க. பீபரின் காலத்தில் அச்சேறாத இச்சுவடி 1905 இல்தான் முதன்முதலாக அச்சில் வந்தது.

இப்படைப்பின் தனித்தன்மை யாது? முதல் சொனாட்டாவிலும் இறுதிப் பசகாலியாவிலும் மட்டுமே வயலின் வழக்கமான சுருதியில் நிற்கிறது. இடைப்பட்ட பதினான்கு சொனாட்டாக்களுக்கும் பதினான்கு வெவ்வேறு சுருதிகள். ஒவ்வொரு மறையுண்மை முடிந்ததும் கலைஞர் வில்லைக் கீழே வைத்து, தந்திகளைத் தளர்த்தியும் இறுக்கியும் புதிதாகச் சுருதி சேர்த்தாக வேண்டும்.

இதன் பொருளை உணர, வழக்கமான சுருதியை முதலில் அறிதல் வேண்டும். வயலினின் நான்கு தந்திகள் கீழிருந்து மேலாக ஜி, டி, ஏ, ஈ என்னும் மேலைநாட்டுச் சுரங்களில் நிற்கும். அடுத்தடுத்த இரண்டு தந்திகளுக்கு இடையே உள்ள தொலைவு, நாம் சட்சத்திலிருந்து பஞ்சமத்துக்குச் செல்லும் தொலைவே. அதிர்வெண் கணக்கில் அது இரண்டுக்கு மூன்று என்னும் விகிதம். கலைஞர் முதலில் ஏ தந்தியை ஆர்கனோடோ இசைக்கவையோடோ ஒத்து நிறுத்துவார். இன்று பெரும்பாலும் அது விநாடிக்கு 440 அதிர்வு. பின்னர் ஏ, ஈ ஆகிய இரு தந்திகளையும் வில்லால் ஒருங்கே இழுத்துக் கேட்பார். ஈ தந்தி 660 இல் நிற்க வேண்டும். 659 இல் நின்றால் ஒலி விநாடிக்கு இருமுறை விம்மித் தணியும். பிரடையை மயிரிழை அளவு திருப்பத் திருப்ப அவ்விம்மல் மெதுவாகி, ஓய்ந்து, இரண்டு ஒலிகளும் அமைதியாக ஒன்றில் ஒன்று பொருந்தும். அவ்விடத்தில் கை நிற்க வேண்டும். இவ்வாறே ஏயிலிருந்து டி, டியிலிருந்து ஜி. இத்துடன் வேலை முடிவதில்லை. ஒரு தந்தியை இறுக்கினால் குதிரையின் மீதுள்ள அழுத்தம் மாறி, மற்ற மூன்றும் சிறிது நிலை பெயரும். ஆதலால் முதலிலிருந்து மீண்டும் ஒருமுறை பார்த்தாக வேண்டும்.

பீபரின் காலத்தில் இவ்வேலை இன்னும் கடினம். இசைக்கவையை ஜான் ஷோர் என்னும் ஆங்கில எக்காளக் கலைஞர் உருவாக்கியது 1711 இல், பீபர் மறைந்து ஏழாண்டுகள் சென்ற பின். அன்றைய தந்திகள் ஆட்டுக்குடலால் ஆனவை. காற்றின் ஈரத்துக்கே இளகி நெகிழ்பவை. அத்தகைய தந்திகளைப் பதினைந்து முறை நிலைமாற்றும்படி ஒருவர் எழுதினார் எனில், அது வெறும் வித்தை காட்டலாக இருத்தல் அரிது.

இவ்வாறு சுருதியை மாற்றும் முறைக்கு இத்தாலிய மொழியில் 'ஸ்கொர்தாத்தூரா' என்று பெயர். சுருதியைக் குலைத்தல் என்பது அச்சொல்லின் பொருள். நம் முன்னோர் இதினும் பொருத்தமான சொல்லை வைத்திருந்தனர். பாடவிருக்கும் பண்ணுக்கேற்ப யாழ் நரம்பை அமைத்துக்கொள்ளும் செயலைப் 'பண்ணல்' என்றனர். சிலப்பதிகாரத்துக் கானல்வரி யாழிசைக் கரணங்கள் எட்டனுள் அதனை முதலாவதாக வைக்கிறது. பீபர் செய்ததும் பண்ணலே. அவர் சுருதியைக் குலைக்கவில்லை. ஒவ்வொரு மறையுண்மைக்கும் உரிய சுருதியைத் தேடி அமைத்தார்.

இங்கே இசைத்தாளில் நிகழும் ஒரு விந்தையை நோக்குக. பீபர் தாளில் எழுதியிருப்பது செவியில் விழும் சுரங்களை அன்று. விரல் வைக்க வேண்டிய இடங்களை. எடுத்துக்காட்டாக, உச்சித் தந்தியை ஈயிலிருந்து டிக்குத் தாழ்த்தியிருக்கும்போதும் தாளில் ஈ என்றே எழுதியிருக்கும். கலைஞர் வழக்கம்போல் வெறுந்தந்தியை மீட்டுவார், ஒலிப்பதோ டி. எழுத்தும் விரலும் பழையனவே. பிறக்கும் ஒலி புதிது. தாளை மட்டும் பார்க்கிறவருக்கு அது பிழை மலிந்த இசையாகத் தோன்றும். சுருதி சேர்த்துக்கொண்டு வாசிப்பவருக்கே அதன் உண்மை விளங்கும்.

செபமாலையைப் பற்றிய கேள்விக்குப் பீபர் தரும் விடையை இங்கேதான் காண்கிறோம். மங்கள வார்த்தை செபத்தின் சொற்கள் எல்லா மறையுண்மைகளுக்கும் ஒன்றே. நாவும் மணியைத் தள்ளும் விரலும் அதே வழியிற் செல்கின்றன. மாற வேண்டியது அச்சொற்கள் எழும் உள்ளத்தின் சுருதி. பெத்லகேமின் முன் நிற்கும் உள்ளமும் கல்வாரியின் முன் நிற்கும் உள்ளமும் ஒரே சுருதியில் இருந்தால், ஐம்பத்துமூன்று முறை சொன்னாலும் கேட்பது ஒரே ஒலியே. உள்ளம் தன்னை மாற்றிச் சேர்த்துக்கொண்டால் அதே சொல் வேறு நாதம் தரும்.

இது நாம் ஏற்றிக் கூறும் பொருளா, படைப்பிலேயே உள்ளதா என்று வாசகர் ஐயுறலாம். சில சொனாட்டாக்களின் தந்திகளையே நேராக நோக்குவோம்.

இரண்டாவது, மரியா எலிசபெத்தைச் சந்தித்தது. கீழ்த்தந்திகள் இரண்டும் ஒவ்வொரு படி உயர்ந்து, ஏ, ஈ, ஏ, ஈ என நிற்கின்றன. தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. ஸ, ப, ஸ, ப என்னும் நம் கருநாடக இசை வயலினின் இடைவெளிகள் இவையே. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் போன்ற முன்னோடிகளால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் இசைக்குள் வந்த அக்கருவி, நம் மரபுக்கேற்ப ஏற்றுக்கொண்ட அமைப்பைச் சால்ஸ்பர்க் கலைஞர் ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே இந்த ஒரு மறையுண்மைக்கென அமைத்திருக்கிறார். இவ்விரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பில்லை. ஒப்புமை தந்திகளில் உள்ளது. இச்சுருதியில் மேற்சோடியும் கீழ்ச்சோடியும் ஒரே சுரங்கள். இடையே ஒரு தாயிதான் வேறுபாடு. மேலுள்ள ஏ தந்தியை வில் தொட்டால், வில் தொடாத கீழ் ஏ தந்தியும் தானே அதிரும். அனுநாதம் என்று நாம் சொல்வது இதனையே. மரியாவின் வாழ்த்தொலி செவியில் விழுந்ததும் எலிசபெத்தின் வயிற்றிலிருந்த குழந்தை துள்ளியதை லூக்கா நற்செய்தியில் வாசித்தவர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

மூன்றாவது, இயேசுவின் பிறப்பு. மகிழ்ச்சி மறையுண்மையாயினும் தந்திகள் பி, எஃப்-ஷார்ப், பி, டி என்னும் துயரச் சாயல் கொண்ட மைனர் அமைப்பில் நிற்கின்றன. அடித்தந்திகள் வெகுவாக இறுக்கப்படுகின்றன. உச்சித் தந்தி தாழ்த்தப்படுகிறது. தீவனத் தொட்டியின் மீது சிலுவையின் நிழலைப் பழைய ஓவியர்கள் தீட்டிக்காட்டியதுண்டு. பீபர் அந்நிழலைத் தந்தியில் வைத்தார் எனலாம்.

ஆறாவது, கெத்சமனித் தோட்டத்து வேதனை. தொகுப்பிலேயே மிகக் கடுமையான சுருதி இதுவென்பது நம் கணிப்பு. அடித்தந்திகள் இரண்டும் அரைச்சுரம் உயர்ந்து ஏ-பிளாட், ஈ-பிளாட் ஆகின்றன. மேல்தந்திகள் இரண்டும் ஒரு படி தாழ்ந்து ஜி, டி ஆகின்றன. கீழ்ச்சோடி தனக்குள் பொருந்துகிறது. மேற்சோடியும் தனக்குள் பொருந்துகிறது. ஆனால் சோடிகள் இரண்டுக்கும் இடையே அரைச்சுர முரண். நடுவிலிருந்த பஞ்சம இடைவெளி நெருக்குண்டு காந்தாரமாகச் சுருங்கிவிடுகிறது. கருவியின் நாதமே மூச்சடைத்தாற்போல் ஒலிக்கிறது. தம் விருப்பத்துக்கும் தந்தையின் விருப்பத்துக்கும் இடையே மைந்தர் உற்ற போராட்டத்தை, ஒரு சுரம் வாசிக்குமுன்னரே, வெறுந்தந்திகள் உணர்த்திவிடுகின்றன.

அப்படியானால் பத்தாவதான சிலுவைச் சாவுக்கு இன்னும் கொடிய சுருதியை எதிர்பார்ப்போம். அங்கே பீபர் நம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்கிறார். ஜி, டி, ஏ, டி. மூன்று தந்திகள் வழக்கமான நிலையிலேயே இருக்க, உச்சித் தந்தி மட்டும் ஒரு படி தாழ்கிறது. வழக்கத்திலிருந்து இத்துணைச் சிறிதளவே விலகும் சுருதி இத்தொகுப்பில் வேறில்லை. போராட்டம் தோட்டத்தில் முடிந்துவிட்டது. சிலுவையில் எஞ்சியிருப்பது ஒப்புக்கொடுத்தல் ஒன்றே. இயேசு தலை சாய்த்து உயிர் துறந்ததாக யோவான் எழுதியதை, தாழ்ந்து நிற்கும் அந்த ஒரு தந்தி நினைவூட்டுகிறது.

எனில், வயலினில் சிலுவை எங்கே? அது பதினோராவதில், உயிர்ப்பில் இருக்கிறது. இச்சொனாட்டாவுக்குப் பிரடையை மட்டும் திருப்பினால் போதாது. நடுத்தந்திகள் இரண்டையும் கழற்றி, ஒன்றன் இடத்தில் மற்றொன்றை மாற்றிக் கட்ட வேண்டும். அவ்வாறு கட்டும்போது குதிரைக்கும் வால்துண்டுக்கும் இடையே இரு தந்திகளும் ஒன்றையொன்று குறுக்கே கடந்து, கண்ணுக்குத் தெரியும் ஒரு சிலுவையாகின்றன. மேலே பிரடைகளின் அருகில் மறுபடியும் கடக்கின்றன. இதன் பயனாக ஜி, ஜி, டி, டி எனத் தாயி இடைவெளியில் அடுத்தடுத்துச் சோடிகள் அமைகின்றன. ஒரே விரலால் இரு தந்திகளை ஒருங்கே அழுத்தி ஒரே சுரத்தை இரண்டு தாயிகளில் ஒலிக்கச் செய்யலாம். கிறிஸ்து இன்று உயிர்த்தார் எனப் பொருள்படும் இலத்தீன் பாஸ்கா பாடலின் மெட்டு அவ்வாறே அகன்று நிமிர்ந்து எழுகிறது. தந்திகள் சிலுவையாகக் குறுக்கிடாமல் அவ்வெழுச்சி எளிதில் கைகூடாது. தோமாவுக்குக் காட்டப்பட்ட திருக்காயங்களை இவ்விடத்தில் நினையாதிருக்க இயலவில்லை. உயிர்த்தவரின் உடல் சிலுவையின் அடையாளத்தை அழித்துவிடவில்லை, தாங்கியே நிற்கிறது. அதனைக் கலைஞர் அருகிலிருந்து காண்கிறார். தொலைவில் அமர்ந்து கேட்பவருக்கோ எழுச்சி மட்டுமே கேட்கிறது.

இனி எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். வியன்னாவிலுள்ள மற்றொரு சுவடியில் பீபரின் சிலுவைச் சாவுச் சொனாட்டாவின் இசை, ஒரு படி உயர்த்தப்பட்டு, 1683 இல் துருக்கியர் அந்நகரை முற்றுகையிட்ட நிகழ்ச்சியைச் சித்திரிக்கும் இசையாகத் தலைப்புகள் மாற்றித் தரப்பட்டுள்ளது. கல்வாரிக்கும் போர்க்களத்துக்கும் ஒரே இசை பொருந்துமாயின், மறையுண்மை அந்த இசையில் எங்கே இருக்கிறது என்று ஒருவர் வினவலாம். வினா நியாயமானது. இறுதிப் பகுதியின் விரைந்த அதிர்வைக் கல்வாரியின் நிலநடுக்கம் என்போரின் கூற்று இதனால் வலுவிழக்கிறது. ஒலி தரும் சித்திரம் எப்பொருளுக்கும் வளைந்து கொடுக்கும். நம் கருத்துக்கு இது ஊறு செய்வதில்லை. பீபரின் ஆழம் ஒலிச்சித்திரத்தில் இருப்பதாக நாம் கூறவில்லை. பதினைந்து நிலைகள் வழியே ஒரு கருவி படிப்படியாக மாற்றப்படுவதிலும், ஒவ்வொரு நிலையும் முன்னதனோடு ஒப்பிடப்படுவதிலும் இருப்பதாகவே கூறுகிறோம். முற்றுகையின் இசைக்கு முன்னே கெத்சமனியும் இல்லை. பின்னே உயிர்ப்பும் இல்லை.

குறைகளும் இல்லாமலில்லை. முள்முடி சூட்டலுக்கு 'ஜிக்' என்னும் துள்ளல் நடனத்தை வைத்திருப்பதைப் படைவீரரின் ஏளனமாகக் கொள்ளலாம். ஆனால் கற்றூணில் அடிபட்டதற்கு எஃப் மேஜரில் அமைந்த நடன வரிசை ஏன் என்பதற்கு அத்தகைய விளக்கம் எளிதிற் கிட்டுவதில்லை. அரண்மனை வழக்கிலிருந்த நடன அமைப்புகள் சிலவிடங்களில் மறையுண்மையின் மீது மேலாடைபோல் தளர்வாகத் தொங்குகின்றன. ஒவ்வொரு சுருதிக்கும் ஓர் உட்பொருள் காண முயல்வோர் இங்கே பீபரை விட்டுத் தம் கற்பனையையே வாசிப்பவராவர்.

இவ்விசையைக் கேட்க விரும்புவோருக்கு 1990 ஐ ஒட்டி ரைன்ஹார்ட் கோபல், ஜான் ஹாலோவே ஆகியோர் அளித்த ஒலிப்பதிவுகள் நல்ல வழிகாட்டிகள். அரங்குகளில் வாசிப்போர் பெரும்பாலும் வெவ்வேறு சுருதிகளில் முன்பே சேர்த்துவைத்த பல வயலின்களைக் கொண்டுவருகின்றனர். நிலைமாற்றிய தந்தி உடனே நிலைகொள்ளாது, சற்று வாசித்ததும் பழைய இடத்துக்கே நழுவும் என்பதால் இது தவிர்க்கவியலாத ஏற்பாடு. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. எனினும் ஓர் இழப்பு உண்டு. ஒரே மரம், ஒரே குதிரை, ஒரே தந்திகள் மகிழ்ச்சியையும் துயரையும் மகிமையையும் அடுத்தடுத்துத் தாங்குகின்றன என்னும் உண்மை மறைந்துபோகிறது. நமக்கு மகிழ்வதற்கு ஓர் உள்ளமும் அழுவதற்கு வேறோர் உள்ளமும் தரப்படவில்லை அன்றோ!

பதினைந்தும் முடிந்தபின் வருவது பசகாலியா. காவல்தூதர் ஒரு குழந்தையைக் கைப்பிடித்து நடத்திச் செல்லும் சித்திரம் அதன் தலைப்பில் இருக்கிறது. வயலின் மீண்டும் ஜி, டி, ஏ, ஈ என்னும் தன் தொடக்க நிலைக்கு வந்துவிடுகிறது. ஜி, எஃப், ஈ-பிளாட், டி என இறங்கும் நான்கே சுரங்கள் அறுபத்தைந்து முறை திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றின் மேல் ஒவ்வொரு முறையும் புதிய இசை மலர்கிறது. திரும்பத் திரும்பச் சொல்வதில் என்ன பயன் என்று கேட்டவருக்கு இதனைக் கேட்கத் தரலாம். முதல் சொனாட்டாவில் வழக்கமாக மட்டும் இருந்த சுருதி, இத்தனை மாற்றங்களையும் கடந்து வந்தபின், வீடு திரும்பியவர் தம் வாசலைக் காண்பதுபோல் புதிதாய்க் கேட்கிறது. காவல்தூதர் திருநாள் அக்டோபர் 2, செபமாலை அன்னையின் திருநாள் அக்டோபர் 7 என அருகருகே அமைந்திருப்பது இத்தொகுப்பின் முடிவுக்கு நல்ல பொருத்தம்.

அன்பு வாசகரே, இன்று மின்னணு இசைப்பலகையில் ஒரு பொத்தானை அழுத்தினால் சுருதி மாறிவிடுகிறது. அதனால் பாடற்குழுக்களுக்கு விளைந்த வசதியை நாம் மறுக்கவில்லை. ஆனால் உள்ளத்துக்கு அத்தகைய பொத்தான் இல்லை. குடும்பச் செபமாலையில் மறையுண்மையை அறிவித்துவிட்டு, அடுத்த நொடியே பர லோக மந்திரத்தைத் தொடங்கிவிடுகிறோம். அவ்விரண்டுக்கும் நடுவே, கலைஞர் பிரடையைத் திருப்பிச் செவிசாய்த்துக் காத்திருக்கும் அளவுக்கு நேரம் விடுவோம். அன்று இல்லத்தில் நோயுற்றவர் இருக்கலாம், மணவிழா நெருங்கியிருக்கலாம், அண்டை வீட்டாரோடு மனக்கசப்பு இருக்கலாம். அந்த உள்ளத்தோடு இந்த மறையுண்மை எங்கே உரசுகிறது, எங்கே பொருந்துகிறது என்று கேட்டுப் பார்க்க அந்நேரம் உதவும். பத்து மணிகளும் அதன் பின்னர் உருளட்டும்.